பேர் போடாத கவி

நாலாவது அடியைப் பாடி முடித்ததும் மீராமுகைதீன் கண்ணைத் திறந்து, மேடைக்கு எதிரே இருக்கும் இருட்டைப் பார்த்தபடி சும்மா நிற்பார். பியானோவும் நிற்கும். ட்ரம்பெட் வாசிப்பவர் கருவியை உதட்டுக்குக் கொண்டுபோய், ஊதாமல் வைத்திருப்பார். கோப்பன்ஹேகனிலும் ஹம்பர்க்கிலும் அந்த இடைவெளியைக் கேட்பதற்கென்றே திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. அவருடைய பாட்டை விட அவருடைய மௌனம் பெரியது என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். ஜாஸ் பாடுகிற ஒருவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று கூட்டாளிகள் சொன்னார்கள்.

மீராமுகைதீன் அந்தப் பத்திரிகையை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். மேடையில் அவர் நின்றது மௌனம் அல்ல. பரணில் பழகிய பழக்கம். வயற்காவலுக்கு இருக்கிறவர் பரணிலிருந்து நாலடிப் பாட்டாக ஒரு கவியை எறிந்தால், அது நாலைந்து வயல் வரவையைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். கேட்டவர் யோசிக்க வேண்டும். பதில் கவி காற்றில் திரும்பி வர வேண்டும். அதுவரைக்கும் பாடினவர் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் முறை.

அவர் கிழக்குக் கரையோரத்து நற்பிட்டிமுனையில் பிறந்தவர். வாப்பாவின் வயல் கிட்டங்கி ஆற்றுக்கு அந்தப்பக்கம், சவளக்கடையை ஒட்டி இருந்தது. உம்மாவின் தம்பி, அதாவது மாமா, சாய்ந்தமருதில் கலியாணம் முடித்துப் பெண்வீட்டோடு போய்விட்டார். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவது. கடலுக்குக் கிட்ட, மணலில் கட்டின வீடு அது. ஆனால் மாமாவின் வயலும் சவளக்கடையில்தான். வெள்ளாமை வெட்டும் அறுவடைக் காலத்தில் மாமா குடும்பத்தோடு வந்து வயலோரக் குடிலான வாடியில் தங்குவார். வெட்டுகிற ஆட்களுக்குச் சோறு ஆக்குவது மாமியும் மூத்த மகள் முனவ்வறாவும்.

முனவ்வறா மீராமுகைதீனுக்கு முறைமச்சி. கலியாணத்தை யாரும் உட்கார்ந்து பேசி முடிக்கவில்லை. ஆனால் எல்லாருடைய மனதிலும் அது முடிந்த காரியமாகவே இருந்தது. நேரே பார்த்தால் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பின்னேரம் பன்றிக்காவலுக்கு அவர் பரணில் ஏறினால் மட்டும், வாடிப் பக்கமிருந்து குரல் வரும். அவர் ஒரு கவி படித்தால் அவள் ஒன்று படிப்பாள். அவருடைய மூக்கைப் பற்றி, வழுக்கி விழுந்த வரம்பைப் பற்றி, வாப்பாவின் கிழட்டு மாட்டைப் பற்றி. கட்டுகிற வேகத்தில் அவளை மிஞ்ச அவரால் முடியாது. குரல் மட்டும்தான் அவருக்கு.

பக்கத்து வயல் வேலப்போடியினுடையது. சவளக்கடைக்காரர், போடியார் என்று எல்லாரும் கூப்பிடுகிற வயற்காரர், வாப்பாவின் சிநேகிதர். தன் பரணில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இந்த இரண்டு பேருக்கும் நடுவராக அவரே தன்னை நியமித்துக்கொண்டார்.

"டேய் மீரான், என்னடா சத்தத்தக் காணல்ல? மச்சிக்காரி நாக்கக் கட்டிப்போட்டாளா?"

"யோசிக்கிறன் போடியார்."

"யோசி, யோசி. பண்டி வந்து வெள்ளாமையத் திண்டு முடிக்கட்டும். பிறகு பதில் படி."

கவிக்கு அங்கே சொந்தக்காரர் கிடையாது. படித்தவர் யாரோ, கட்டினவர் யாரோ. நல்லதாக இருந்தால் அடுத்த போகத்துக்குள் அது ஊரெல்லாம் போய்விடும். இது இன்னாருடையது என்று பேர் சொல்லுவது வெட்கக்கேடு. அதிலும் ஒரு பெண்பிள்ளையின் பேர் என்றால் யாரும் மூச்சு விடமாட்டார்கள். முனவ்வறா கட்டியது என்று தெரிந்த ஆண்கள்கூட, "வாடிப்பக்கமிருந்து வந்த கவி" என்றுதான் சொல்லுவார்கள்.

எண்பத்தைந்தாம் வருடம் மீராமுகைதீன் கப்பலுக்குப் போக முடிவானது. தங்கச்சி சுஹறாவுக்கு வீடு கட்ட வேண்டும். வீடில்லாமல் பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. அதைக் கட்டுவது காக்கா என்று கூப்பிடப்படும் அண்ணனின் கடமை. பயணிகள் கப்பலொன்றின் குசினியில் கோப்பை கழுவும் வேலை. போவதற்கு முதல்நாள் பின்னேரம் கடைசியாகப் பரணில் ஏறினார். வெட்டு முடிகிற நேரம், வாய்க்காலில் தண்ணீரை மறித்திருந்தார்கள். வாடிப்பக்கமிருந்து வழமையான கேலி வரவில்லை. கொஞ்சம் தாழ்ந்த குரலில் இது வந்தது:

வாய்க்கால் அடைச்சாலும்
வக்கடையில் ஈரமுண்டு
பார்க்காமல் போனாலும் – மச்சான்
பாத்திருப்பேன் மாரி மட்டும்.

வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற இடம்தான் வக்கடை. வயல் முழுக்க வெடித்துக் காய்ந்தாலும் அந்த இடத்து மண் கையில் ஒட்டும். மாரி மட்டும் என்றால் அடுத்த மழைக்காலம் வரை. அதை அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாயில் ஒரு பதில் இருந்தது. அவர் படிக்கவில்லை. இப்போது படித்தால் கதை முடிந்துவிடும், படிக்காமல் போனால் திரும்பி வந்து படிக்க ஒன்று இருக்கும் என்று நினைத்தார். கடைசிக் கவியைத் தொங்கவிட்டுப் போவதுதான் தான் கொடுக்கிற வாக்கு என்று, இருபத்திரண்டு வயதில், அவருக்கு அத்தனை நிச்சயம். பரணிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

கப்பலில் சாப்பாட்டு மண்டபத்தில் நாலு பேர் ஜாஸ் வாசித்தார்கள், ஒரு பெண் பாடினாள். பியானோ வாசித்தவர் யென்ஸ் என்ற டென்மார்க்காரர். மீராமுகைதீன் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் பாடகி ஒரு வரியைப் பாடி நிறுத்த, ட்ரம்பெட் அதைத் திருப்பிப் பிடித்து, கேலி செய்வதுபோல் கொஞ்சம் வளைத்து அனுப்பியது. கழுவின கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். வாடிப்பக்கமிருந்து பதில் வந்துவிட்டது.

யென்ஸ் நல்ல மனிதர். குசினிக்காரனின் குரலைக் கேட்டவர், அவரைப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாடச் சொன்னார். மற்றப்படி மீராமுகைதீனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆங்கிலப் பாட்டுகளை ஒலிநாடாவில் போட்டு, ஒரு வரியைத் தேயும்வரை கேட்டு, எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று பார்த்து, தானே படித்தார். யென்ஸ் கப்பலை விட்டு ஊருக்குப் போனபோது அவரும் கூடப் போனார். கோப்பன்ஹேகனில் நிலக்கீழ் மண்டபமொன்றில் வாரத்துக்கு ஒருநாள் பாடினார். பிறகு இரண்டு நாள். பிறகு மற்ற ஊர்கள், மற்ற நாடுகள். சுவரொட்டிகளில் அவர் பேரை 'மீரா' என்று வெட்டிப் போட்டார்கள். பெண்பேர் என்று நினைத்து வந்தவர்கள் இவரைப் பார்த்துத் திகைத்துப்போய், பிறகு இருந்து கேட்டார்கள்.

பாடித் திரிகிறார் என்று ஊர் கதைக்கக்கூடாதென்று, காக்கா ஹோட்டலொன்றில் வேலை செய்கிறார் என்று சுஹறா ஊரில் சொல்லிவைத்தாள். சுஹறாவின் வீடு எழும்பியது. அவளுக்குக் கலியாணமும் முடிந்தது. உம்மா தொலைபேசியில் கேட்டார். "மகன், மாமா கேக்கிறார். எப்ப வாற?"

"அடுத்த வருசம் உம்மா. இந்த ஒப்பந்தம் முடியட்டும்."

அடுத்த வருடமும் அதையே சொன்னார். பொய் இல்லை, அப்படித்தான் நினைத்திருந்தார். பதில் கவி கையில் இருக்கிறது, அவளுக்கு அது தெரியும் என்று இருந்தார். எண்பத்தொன்பதில் முனவ்வறாவுக்கும் றிஸ்வான் என்ற மீன் வியாபாரிக்கும் நிக்காஹ் முடிந்ததை உம்மா சொன்னார். "என்ன மகன், கேக்குதா?" என்று உம்மா இரண்டு தரம் கேட்டார்.

"கேக்குது உம்மா."

பிறகு கலவரம், பிறகு உம்மாவும் வாப்பாவும் அடுத்தடுத்து மவுத்தாகி மறைந்தார்கள். கிட்டங்கிக்கு அந்தப்பக்கம் வயலுக்குப் போகவே ஆட்கள் பயந்த காலம். ஊருக்கு வருவதற்கு அவரிடம் எந்தக் காரணமும் மிஞ்சவில்லை, வராமல் இருக்க நிறைய இருந்தது.

தொண்ணூற்றெட்டில் வந்த இசைத்தட்டில்தான் முதல்முறையாக அந்தக் கவியைப் பாடினார். தமிழிலேயே, நாலே அடி. பிறகு இடைவெளி. பிறகு ட்ரம்பெட். அந்த ஒரு பாட்டு அவரைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனது. தட்டு அச்சாகும்போது, யார் கட்டியது என்று யென்ஸ் கேட்டார்.

"யாரும் கட்டவில்லை. எங்கள் ஊர்ப்பாட்டு."

வயலில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே சொன்னார். அதில் தப்பு இருப்பதாக அப்போது அவருக்குத் தோன்றவில்லை. 'மரபுப் பாட்டு' என்று அச்சடித்தார்கள்.

இரண்டாயிரத்து நாலு மார்கழியில், புதுவருட நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்கையில், கடல் ஊருக்குள் புகுந்த செய்தி வந்தது. தொலைபேசி கிடைக்கவில்லை. கிடைத்தபோது சுஹறா மெதுவாகத்தான் கதைத்தாள். "நாங்க ஊட்டுக்குள்ளதான் காக்கா, இவடத்த வரல்ல. ஆனா சாய்ந்தமருதுல மாமாட வளவு எதெண்டே தெரியல்ல. மாமா, மாமி, முனவ்வறா மூணு பேரும் மவுத்து. றுஸ்தா மட்டும் இருக்கா. லீவுக்கு என்ட ஊட்ட வந்து நிண்டவ."

றுஸ்தா முனவ்வறாவின் ஒரே பிள்ளை. றிஸ்வான் அன்று மீன் லொறியோடு தூரத்தில் இருந்ததால் தப்பினார்.

"படம் ஏதும் இருக்கா?"

"என்ன படம்?"

"அவட."

"ஊடே இல்ல, காக்கா."

அவர் ஊருக்குப் போகவில்லை. என்ன முறையில் போய் நிற்பது என்று தெரியவில்லை. புதுவருடத்துக்கு மேடையேறி, அந்தக் கவியையும் பாடினார். நாலாவது அடிக்குப் பிறகு நின்றபோது, இனி அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உடம்பில் பட்டது. அதற்குப் பிறகு அந்தத் தட்டை எங்கே கண்டாலும், பாட்டுக்குக் கீழே இருக்கும் 'மரபுப் பாட்டு' என்ற சொல்தான் கண்ணில் விழுந்தது. வீடு இல்லை, படம் இல்லை. அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியது அந்த நாலு அடிதான். அதிலும் அவள் பேர் இல்லை. இல்லாமல் ஆக்கியது தன் வாய்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. அதே வருடம் அந்தத் தட்டை மறுபடி வெளியிடப் போவதாக யென்ஸ் சொன்னார். இந்த முறை பேரைப் போடாமல் விடுவதில்லை என்று மீராமுகைதீன் தீர்மானித்தார். ஆனால் அவளுடைய ஆட்களைக் கேட்காமல் போட முடியாது. இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தார்.

தான் கட்டின வீட்டுக்குள் விருந்தாளியாகக் கால் வைத்தார். சுஹறாவுக்கு நரை விழுந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை தேத்தண்ணியோடு நின்றாள். "றுஸ்தா. வாப்பாக்காரர் கத்தாருக்குப் போன பிறகு இஞ்சதான் இருக்கா. சலாம் சொல்லு புள்ள."

"அஸ்ஸலாமு அலைக்கும், பெரிய வாப்பா."

சொந்த முறையில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனாலும் அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் உள்ளே போனதும் விஷயத்தைச் சுஹறாவிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"காக்கா, அந்தத் தட்டு நீங்க அனுப்பினதானே. முனவ்வறா இஞ்ச வந்த நேரம் போட்டுக் காட்டின நான்."

"கேட்டாளா?"

"கேட்டா. நீங்க படிச்சிட்டுச் சும்மா நிக்கிற இடம் வந்திச்சு. சிரிச்சா. 'சுஹறா, இவரு இன்னும் அவடத்தயேதான் நிக்கிறார்' எண்டா. பிறகு மகள் பள்ளி விட்டு வாற நேரமெண்டு எழும்பிப் போயிட்டா."

"வேற ஒண்டும் சொல்லல்லயா?"

"வேற என்ன சொல்ல? நீங்க ரெண்டு பேரும் கவி படிச்ச கதை பழைய ஆக்களுக்குத் தெரியும். ஆனா பேர் போடுறதெண்டா, இது கலியாணம் முடிக்காத கொமர் இருக்கிற ஊடு. றுஸ்தாக்குச் சம்பந்தம் ஒண்டு கதைச்சிக்கொண்டிருக்கம். உம்மாக்காரி மச்சானுக்குக் கவி படிச்சவவாம், அது வெளிநாட்டுத் தட்டுல பேரோட வந்திருக்காம் எண்டு நாலு வாய் கதைச்சா?" தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "என்னட்டக் கேட்டுப் பிரயோசனமில்ல. றுஸ்தாட உம்மா. அவட்டக் கேளுங்க."

அவரால் உடனே கேட்க முடியவில்லை. மறுநாள் கிட்டங்கியைத் தாண்டிச் சவளக்கடைக்குப் போனார். வேலப்போடி இருந்தார். கண் மங்கியிருந்தது. நாக்கு மங்கவில்லை.

"ஆரு, மீரானா? கப்பல்ல பீங்கான் கழுவப் போனவன் பாட்டுக்காரனாகிட்டானாமே. இஞ்ச படிச்ச நேரம் பண்டிகூடத் திரும்பிப் பாக்கல்ல."

"பண்டிக்கு எங்க போடியார் ஜாஸ் விளங்கும்?"

கிழவர் இருமி இருமிச் சிரித்தார். மீராமுகைதீன் கடைசி நாள் கவியை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். வக்கடை என்ற சொல்லைக் கேட்டதுமே கிழவர் தலையை ஆட்டினார்.

"ஓம், ஓம். அந்தப் புள்ளட கவிதான். வேற ஆரு அப்பிடிக் கட்டுவா? நீதானே பதில் படிக்காம எறங்கிப் போன?"

"திரும்பி வந்து படிப்பம் எண்டு வெச்சிருந்தன்."

வேலப்போடியின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனது. "வெச்சிருந்தியா? கவிய வைக்கிறதா தம்பி? பதில் வராட்டி வேணாமெண்டுதானே கணக்கு. அந்தப் புள்ள கழுவின பானையக் கையில வெச்சிக்கொண்டு இருட்டுமட்டும் வாடி வாசல்ல நிண்டுது. நானும் பாத்துக்கொண்டிருந்தன். பொறவு பானையக் கவுத்து வெச்சிட்டு உள்ள போயிட்டு. அதோட அந்தப் புள்ள வயலில கவி படிச்சி நான் கேக்கல்ல."

அவர் அங்கே வெகுநேரம் இருந்தார். வேலப்போடி வெள்ளாமையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் கதைத்தார். மீராமுகைதீன் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

அடுத்த நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, முற்றத்தில் றுஸ்தா சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் சுஹறா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அவர் கதிரையை இழுத்துப் போட்டார். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவளே தொடங்கினாள்.

"பெரிய வாப்பா, உங்கட பாட்டு ஒண்டு நான் கேட்ட. கூடப்படிச்ச புள்ளட போன்ல." சுளகிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அது என்ட உம்மாட பாட்டு. உங்களுக்கு எப்பிடி வந்த?"

அவர் பதில் சொல்லுமுன் அவளே சொன்னாள்: "உம்மா எனக்குக் கட்டின தாலாட்டு அது. நான் சின்னப்புள்ளயா இருக்கக்குள்ள தொட்டில்ல போட்டுப் படிக்கிற. வேற ஆருக்கும் படிக்கல்ல. நான் பெருத்த பிறகும் காய்ச்சல் வந்தாப் படிப்பா."

"நீ படி பாப்பம்."

"எனக்குக் குரல் இல்ல."

"பரவாயில்ல. படி."

அவள் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சுளகைத் தட்டிக்கொண்டே, கதைப்பதுபோல் படித்தாள்:

வாய்க்கால் அடைச்சாலும்
வக்கடையில் ஈரமுண்டு
பார்க்காமல் போனாலும் – மகளே
பாத்திருப்பேன் மாரி மட்டும்.

நாலாவது அடி முடிந்தது. இத்தனை வருடமாக அவர் நின்ற இடம் அது. அவள் நிற்கவில்லை. மூச்சுக்கூட எடுக்காமல் அடுத்ததற்குப் போய்விட்டாள்:

மாரி பொழிஞ்சிது
வரம்பெல்லாம் மூடிச்சிது
யாரையும் பாக்கல்ல – மகளே
என்ட மடியில நீ உறங்கு.

தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது.

"நீங்க முதல் பாதியத்தான் படிச்சிருக்கீங்க," என்றாள் றுஸ்தா. "அதுலயும் மகளே எண்டத மச்சான் எண்டு மாத்திப் போட்டீங்க. ஏன் அப்பிடிச் செஞ்ச?"

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் அவரிடம் இருந்தது. இருபத்துநாலு வருடமாக இருந்தது. அதைச் சொன்னால் கவி அவருக்குத் திரும்பி வந்துவிடும். காய்ச்சலுக்குப் படித்த தாலாட்டு இந்தப் பிள்ளையிடம் இல்லாமல் போய்விடும். கடல் விட்டுவைத்தது அவளுக்கும் இது ஒன்றுதான்.

"ஓம் மகள்," என்றார். "நான்தான் மாத்தின. சுஹறா மாமி போன்ல படிக்கக் கேட்டு எடுத்த. உன்ட உம்மாட்டக் கேக்கல்ல. கேட்டிருக்கணும்."

அடுக்களையில் கொஞ்ச நேரத்தில் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

"தட்டு திரும்ப வருகுது. உம்மாட பேரப் போடட்டா?"

றுஸ்தா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "மச்சான் எண்டு இருக்கிற பாட்டுக்கு உம்மாட பேர் வேணாம். உம்மா அப்பிடிக் கட்டல்ல." பிறகு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "முழுக்கப் படிச்சி, மகளே எண்டு படிச்சாப் போடுங்க."

கோப்பன்ஹேகனுக்குப் போய் அவர் அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்தார். எட்டு அடி. மகளே என்று. நடுவில் எங்கும் நிற்காமல். யென்ஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு தரம் நிறுத்தி, அந்த இடைவெளி வேண்டும், அதுதானே பாட்டே என்று சொல்லிப் பார்த்தார். மீராமுகைதீன் முடியாது என்றார். தட்டில் பாட்டுக்குக் கீழே 'முனவ்வறா, சாய்ந்தமருது' என்று வந்தது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. பழையதில் இருந்த ஏதோ ஒன்று புதியதில் இல்லையென்று பத்திரிகைகள் எழுதின. அவர் மறுக்கவில்லை.

தட்டு வெளிவந்த அன்று மேடையில் பாடினார். நாலாவது அடி முடிகையில், பழக்கதோஷத்தில், ட்ரம்பெட்காரர் கருவியை உதட்டுக்குக் கொண்டுபோனார். மீராமுகைதீன் ஐந்தாவது அடிக்குப் போய்விட்டிருந்தார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, கருவியைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.